திரேசம்மாவின் கடிதமும் எங்கள் பீடாதிபதியும்

ஒட்டுசுட்டான் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது கல்லூரிச் சாரதி கைபேசியில் அழைத்தார். "அண்ணை, எங்கட பீடாதிபதி மடம் காலமாயிட்டா. விடியக் காலமை, கண்டாவளை வீட்டில." அடுத்த தரிப்பில் இறங்கி வெயிலில் கனநேரம் நின்றேன்.

கண்டாவளையில் வயல் செய்த குடும்பமொன்றில் பிறந்து, மொழியியல் பேராசிரியராகி, எங்கள் கல்லூரியின் தலைமைக்கு முதற் பெண் பீடாதிபதியாக வந்தவர் ஞானேஸ்வரி. நான் அவரது அலுவலக எழுதுவினைஞன். முதல் வாரம் பழக்கதோஷத்தில் "ஓம் சேர்" என்றுவிட்டேன். "முந்தின சேர் இடம் மாறிப் போட்டார். இனி நான்தான் இருக்கிறன்," என்றார், சிரிக்காமல்.

அவரை அறிந்த நீங்கள் ஆளுக்கொன்று சொல்வீர்கள். நான் சொல்லவேண்டியது திரேசம்மாவின் கடிதத்தைப் பற்றி.

திரேசம்மா எங்கள் மாணவி ஒருத்தியின் தாய். நாயாற்றில் மீன்பிடிக் குடும்பம். மகளைப் பார்க்க வந்த அன்று, அரச அலுவலகமொன்று அனுப்பிய கடிதத்தையும் கொண்டுவந்தார். முழுவதும் சிங்களம். பீடாதிபதி வாசித்துச் சொன்னார்: வலை வைக்கும் வாடிக் கொட்டில் நிற்கிற காணிக்கு வேறொருவர் உரிமை கோரியிருக்கிறார், மறுப்பிருந்தால் இரண்டு கிழமைக்குள் அறிவிக்கவேண்டும். அந்தக் கெடு முடிந்து மூன்று நாளாகியிருந்தது.

அன்றே மூவரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "மடத்துக்குச் சிங்களம் வடிவா விளங்கும்தானே. நீங்களே அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கோவன்."

"எனக்கு விளங்கும். ஆனா கடிதம் எனக்கு வரேல்லை."

தமிழில் கடிதம் கொடுக்கும்வரை கெடு தொடங்கவேயில்லை என்றார். குரல் உயரவில்லை. அங்கிருந்த மர வாங்கிலில் அமர்ந்தவர் மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. பின்னேரம் தமிழ்க் கடிதம் வந்தது. அதில் 'மறுப்பின்மையை அறிவிக்கவும்' என்றிருந்தது. "இதுக்கு அவா கையெழுத்து வைச்சா காணி போயிடும்," என்று பேனையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் முறைதான் சரியாக வந்தது, புதிய திகதியோடு.

நான் அதை வாங்கி வாசிக்கப் போனேன். "விடுங்கோ. அவா வாசிக்கட்டும்."

திரேசம்மா விறாந்தையில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார். இடையில் இரண்டு தரம் நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். பேராசிரியர் கைப்பையை இடுக்கியபடி, கடைசிச் சொல் வரை அசையாமல் நின்று கேட்டார். அவரது விரிவுரைகள் எத்தனையோ கேட்டவன் நான். ஆனால் அவர் எவ்வளவு பெரியவர் என்று மலைத்துப்போனது அந்த விறாந்தையில்தான்.

விசாரணையில் காணி முழுதும் கிடைக்கவில்லை. வாடி நின்ற துண்டு கிடைத்தது.

செத்தவீட்டுக்குத் திரேசம்மா வந்திருந்தார். "மடம் அண்டைக்கு முழுக்கப் பசியோட இருந்தவா," என்றார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். எந்தக் கடிதத்தையும் உறையிலிட முன், அது யாருக்குப் போகிறதோ அவராக என்னை நினைத்து ஒருமுறை வாய்விட்டு வாசிக்கிறேன். அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். வாசித்து முடித்த பிறகுதான் ஒட்டுகிறேன்.