ஆயுத பூசையன்று போன வேன்

எங்கள் வீட்டில் திருட்டு நடந்ததைப் பற்றி யாராவது கேட்டால், பூட்டை உடைத்து வேனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சுருக்கமாக முடித்துவிடுவேன். உண்மையில் பூட்டை உடைத்தது மட்டும்தான் திருடனின் வேலை. மற்ற எல்லாவற்றையும் நாங்களே அவனுக்காகச் செய்து வைத்திருந்தோம், வாழைப்பழத்தை உரித்து வாயில் வைக்கிற மாதிரி. அதில் என் கையும் உண்டு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலம். அப்பா முப்பது வருடம் தோட்டத்து லொறி ஓட்டி, ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவார். பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். அம்மா அப்போதும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருடம். எங்கள் லயத்தில், அந்த நீள வரிசை வீடுகளில், வேறு யாரிடமும் வண்டி கிடையாது. கீழே ரோட்டோரத்தில் வேன் நிற்கும்போது தாண்டிப் போகிறவர்கள் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். கண்ணு பட்டுவிடும் என்று அம்மா முணுமுணுப்பார். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது எல்லோரும் செய்வதுதான். அப்பா அதோடு நிற்கமாட்டார். லொறி ஓட்டிய காலத்திலிருந்தே அவருக்கு ஒரு முறை உண்டு. சாவி, பதிவு விவரம் உள்ள வண்டிப் புத்தகம், லைசன்ஸ், ஸ்பேனர் எல்லாவற்றையும் சாமிப் படத்துக்கு முன்னால் வாழையிலையில் பரப்பி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார். மறுநாள் காலைப் பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. "இன்னைக்கு இதெல்லாம் ஆத்தாளோடது. நாளைக்கு அவகிட்டருந்துதான் நாம வாங்கிக்கணும்" என்பார்.

நான் என் பாடப் புத்தகங்களையும் சிவப்புப் பேனாவையும் வைத்தேன். கொடியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையிலிருந்து லைசன்ஸ் இருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து இலையில் வைத்ததும் நான்தான். அதே உறைக்குள் அவருடைய அடையாள அட்டையும் இருந்தது. எனக்கு அது தெரியும். ஒரு ராத்திரிக்கு அவருக்கு அது எதற்கு என்று நினைத்தேன்.

சாயங்காலம் தேயிலை ஆலையான ஸ்டோரில் பெரிய பூசை. தோட்டமே அங்கே இருந்தது. தப்பு மேளச் சத்தம் காதைப் பிளந்தது. சுண்டலும் பொரியும் வாங்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் திரும்பி வந்தபோது, ரோட்டோரத்தில் நான்கு எலுமிச்சம்பழங்கள் மட்டும் நசுங்கிக் கிடந்தன. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் லயத்துக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. பூட்டு வாசலில் கிடந்தது.

வீட்டில் எதுவும் கலையவில்லை. ரேடியோ இருந்தது. அம்மாவின் பெட்டி இருந்தது. இலையில் ஸ்பேனர்களும் என் புத்தகங்களும் அப்படியே இருந்தன. சாவி, வண்டிப் புத்தகம், பிளாஸ்டிக் உறை மூன்றும் இல்லை. படையலுக்கு வைத்த நான்கு வடையில் இரண்டைக் காணோம். அந்தப் பதற்றத்திலும் எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது அந்த இரண்டு வடையின் மேல்தான். நிதானமாக நின்று தின்றுவிட்டுப் போயிருக்கிறான்.

அப்பா வடையைப் பார்க்கவில்லை. கொடியில் கிடந்த சட்டைப் பையைத் தடவினார்.

"ஐடென்டி எங்க?"

"அதுவும் இலையிலதாம்ப்பா இருந்துச்சு. நான்தான் வச்சேன்."

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரோரமாகக் குந்திவிட்டார்.

அந்த வருடங்களை அறியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். வேன் போனது ஒரு நட்டம், அவ்வளவுதான். ஆனால் கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் எந்த வண்டியில் வந்தது, வண்டிக்குள் யாருடைய பேப்பர் கிடந்தது என்றுதான் முதலில் தேடுவார்கள். கிடைத்தது ஒரு தமிழனின் அடையாள அட்டை என்றால் மேற்கொண்டு கேள்வி கிடையாது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் கொழும்புக் கடையில் வேலை செய்த இடத்தில் பிடிபட்டு, வருடம் ஒன்றாகியும் வீடு திரும்பியிருக்கவில்லை. எங்கோ ஒரு ரோட்டில் அப்பாவின் முகம் ஒட்டிய அட்டையோடு எங்கள் வேன் போய்க்கொண்டிருந்தது.

"வண்டி போனாப் போவுதுங்க. பொலிசுக்கு மட்டும் போவ வேணாம்" என்றார் அம்மா.

"போகாட்டி அவங்க வருவாங்க" என்றார் அப்பா.

இருட்டிய பிறகு அட்டை இல்லாமல் ரோட்டில் இறங்க முடியாது. வாய்விட்டு அழவும் பயமாக இருந்தது. திருட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள். தேள் கொட்டிய திருடனைப் போல வாயை மூடிக்கொண்டிருந்தவர்களும் நாங்களே.

விடிந்ததும் நானும் அப்பாவும் நடந்தோம். எனக்குச் சிங்களம் ஓரளவு வரும் என்பதால் நான் கூடப் போனேன். டவுனுக்குள் நுழைகிற பாலத்தில் ஆமிக்காரர்கள் நின்றார்கள். என் அட்டையைப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டு அப்பாவிடம் கை நீட்டினார்கள். திருட்டுப் போய்விட்டது, அதைச் சொல்லத்தான் பொலிசுக்குப் போகிறோம் என்றேன். ஒருவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களோடு பொலிஸ் நிலையம்வரை வந்தான். கடைத்தெரு முழுவதும் பார்த்தது. அப்பா ஏற்றிப் போகிற பிள்ளைகளில் இரண்டு பேரும் பார்த்தார்கள்.

பொறுப்பதிகாரி தெற்கிலிருந்து புதிதாக வந்தவர். அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சாவி எங்கே இருந்தது?"

"சாமிப் படத்துக்கு முன்னால" என்றேன் சிங்களத்தில்.

"வண்டிப் புத்தகம்?"

"அதுவும் அங்கதான்."

"லைசன்ஸ், அடையாள அட்டை?"

"அங்கதான்."

அவர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பூசையை விளக்க முயன்றேன். என் சிங்களம் கடையில் சாமான் வாங்கப் போதும், பஸ்ஸில் சண்டை போடப் போதும். ஒரு மனிதன் தன் சாவியையும் பெயரையும் சாமியிடம் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவான் என்பதை நம்பவைக்க அது போதவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

"வண்டி யார் பெயரில் இருக்கிறது?" என்றார் அடுத்து.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வேனை அவர் நுவரெலியாவில் மரக்கறி வியாபாரம் செய்கிற ஒரு சிங்கள முதலாளியிடம் வாங்கியிருந்தார். ஓபன் பேப்பரில் வாங்கியது. அதாவது விற்கிறவர் மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவர் தன் பெயரை எழுதிப் பதிய நேரம் வரும்போது பதிந்துகொள்ளலாம். ஊர் உலகத்தில் எத்தனையோ பேர் செய்வதுதான். ஆனால் சட்டப்படி அது குற்றம், அப்பாவுக்கு அது தெரியும். அந்தப் படிவமும் வண்டிப் புத்தகத்துக்குள்தான் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

நான் முதலாளியின் பெயரைச் சொன்னேன். பொறுப்பதிகாரி எழுதிக்கொண்டார்.

"அப்படியானால் அடுத்தவருடைய வண்டி. சாவி, புத்தகம், அட்டை எல்லாம் ஒரே இடத்தில் எடுத்து வைத்திருக்கிறது. வீட்டில் ஆளில்லை. இது திருடியதா, எடுத்துப் போகச் சொல்லிக் கொடுத்ததா?"

பொறுப்பதிகாரி குறிப்பேட்டை மூடினார்.

"வண்டிக்குச் சொந்தக்காரரைக் கூட்டி வா. அதுவரை இவர் இங்கே இருப்பார். பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் மேலிடத்துக்கு அனுப்பிவிடுவேன்."

மேலிடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை நாளில் திரும்புவார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

நுவரெலியாவுக்குப் போகிற பஸ் அன்றுபோல் எப்போதும் ஊர்ந்ததில்லை. ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லோர் மேலும் எனக்குக் கோபம். முதலாளி சந்தையில் கோவா என்கிற முட்டைக்கோசு மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். எங்கள் ஆட்களோடே பழகியதால் எங்கள் தமிழே பேசுவார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"என் பேரைச் சொல்லிட்டீங்களா?"

"புக்குல உங்க பேருதானே இருக்குங்க முதலாளி."

அவர் கையைக் கழுவினார், கடையை ஆளிடம் ஒப்படைத்தார், என்னைத் தன் கெப் வண்டியில் ஏறச் சொன்னார். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வித்த வண்டின்னு அப்பா சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல்லங்க. வாயே தொறக்கல்ல."

"சரி" என்றார். நான் பக்கத்திலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் பயந்திருந்தார், அது நன்றாகத் தெரிந்தது. பயந்த மனிதன் என்ன சொல்வான் என்று யாருக்குத் தெரியும்? இவன் என் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். மறுத்துச் சொல்ல எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கும்பிட்டுக் கேட்கலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்தேன், வரவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி தாண்டிவிட்டது. காலையில் அவரை உட்காரவைத்த வாங்குப் பலகையில் அப்பா இல்லை. உள்ளே கம்பிக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றார். செருப்பும் பெல்ட்டும் மேசைமேல் இருந்தன. வெளியே ஒரு ஜீப் தயாராக நின்றது.

முதலாளி அப்பாவைப் பார்த்தார். பிறகு பொறுப்பதிகாரியின் முன்னால் உட்கார்ந்து சிங்களத்தில் மளமளவென்று பேசினார். வேன் தன்னுடையது. இந்த ஆள் தன்னுடைய டிரைவர், நம்பிக்கையான ஆள். வண்டி அவர் வீட்டில்தான் நிற்கும். பூசை செய்யச் சொன்னதும் தான்தான்; மரக்கறி லொறிகளுக்கும் இப்படித்தான் ஒவ்வொரு வருடமும் செய்விப்பது. சாவியையும் புத்தகத்தையும் சாமிக்கு முன்னால் வைப்பது இவர்களுடைய வழக்கம், தன் கண்ணாலேயே அதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

காலையில் நான் நாக்கு வறளச் சொன்னதும் இதே பூசையைத்தான். அவர் சொன்னபோது பொறுப்பதிகாரி தலையை ஆட்டினார்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். நான் வாசித்தேன். "காணாமற்போன வாகனம் எனது முதலாளிக்குச் சொந்தமானது. நான் அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் சாரதி."

"அப்படியா எழுதியிருக்கு?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாப்பா."

அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோல் புத்தகத்தில் முப்பது வருடம் போட்ட அதே கையெழுத்து. அவர் வெளியே வருகிறார் என்ற சந்தோஷமும், என் வாயாலேயே அவரை மறுபடி சம்பள ஆளாக்கிவிட்டேனே என்ற வெட்கமும் ஒன்றாகத்தான் வந்தன.

வெளியே வந்ததும் முதலாளி கெப் சாவியை அப்பாவின் கையில் கொடுத்தார். வாசலில் நின்ற பொலிஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா முன்னால் போய், முதலாளிக்குக் கதவைத் திறந்துவிட்டு, ஓட்டுகிற பக்கம் ஏறினார். பாலத்தில் காலையில் நின்ற அதே ஆமிக்காரன் குனிந்து பார்த்தான்.

"மகே டிரைவர்", என்னுடைய டிரைவர், என்றார் முதலாளி.

போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அட்டையைக் கேட்கவில்லை.

வேன் ஒன்பதாம் நாள் வட்டவளைப் பக்கம் ஒரு வளைவில், டயர் வெடித்து, பெட்டரியும் ஸ்டெப்னியும் கழற்றப்பட்டுக் கிடைத்தது. உள்ளே அப்பாவின் அட்டையும் வண்டிப் புத்தகமும் கிடந்தன, மடித்து வைத்த படிவம் மட்டும் இல்லை. எடுத்தவன் சாதாரணத் திருடன்தான், குண்டு வைக்கிறவன் இல்லை. முதலாளியே அதைப் பொலிசிலிருந்து எடுத்து, டயர் மாற்றி, லயத்துக்குக் கொண்டுவந்து விட்டார். கூடவே புதுப் படிவமும் கொண்டுவந்திருந்தார்.

"இந்த முறை தள்ளிப்போட வேணாம். உங்க பேருக்கே மாத்திருவோம். எனக்கும் நிம்மதி" என்றார்.

அப்பா படிவத்தைக் கையில் வாங்கவில்லை. "வேணாங்க முதலாளி. உங்க பேர்லயே இருக்கட்டும். உங்களுக்குக் கெட்ட பேரு வராம நான் பாத்துக்குறேன்."

முதலாளி தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் போனதும் நான் அப்பாமேல் பாய்ந்தேன்.

"அது உங்க வண்டிப்பா. உங்க உழைப்பு. எதுக்கு அவரு பேர்ல இருக்கணும்?"

"வண்டி என்னுதுதான், யாரு இல்லேன்னா? புக்குல என் பேரு இருந்திருந்தா இந்நேரம் நான் எங்க இருந்திருப்பேன்னு நீயே சொல்லு."

இரண்டு நாள் அந்த வேனில் ஏறாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் அவர் அந்த வேனை ஓட்டினார். ஹட்டன் வழியில் எங்கே மறித்தாலும், அவர்கள் கேட்பதற்கு முன்பே கண்ணாடியை இறக்கி, "முதலாளியோட வண்டிங்க, நான் டிரைவர்" என்று சிங்களத்தில் சொல்லிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், இல்லை, அது எங்கள் வண்டி என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.