பாட்டில் வந்த யூகி

அன்று வீட்டில் நான், என் மனைவி, அவளுடைய தம்பி என மூன்று பேர் இருந்தோம். ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் மகள், அந்த ஊர்ப் பழைய குளிர்காலப் பாட்டு ஒன்றைப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். எனக்கு அதில் ஒரு சொல்தான் பிடிபட்டது: யூகி. அடிக்கடி அதுவே வந்தது. குரலும் கம்மியிருந்தது.

“எதையோ மறைக்கிறா. யூகிச்சுக்கோங்கன்னு சொல்றா” என்றேன்.

“ஏன் மச்சான், ஜப்பான்காரன் உங்களுக்காகத் தமிழ்ல பாட்டு எழுதுவானா?” என்று மச்சினன் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. “போனைப் போடுங்க” என்றாள்.

மகள் எடுத்தாள். “யூகின்னா வானத்துல இருந்து விழுற பனிப்பா. பொழைக்கப் போனவுக ஊரை நெனச்சுப் பாடுறது. இங்க ஒரு அம்மா பேச்சையே விட்டுட்டாக. இதைப் பாடுனா மட்டும் கூடப் பாடுறாக.”

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அருப்புக்கோட்டையில் மாசி வெயிலே மண்டையைப் பிளக்கும். பனி விழுந்து பார்த்ததில்லை. ஆனாலும் என்றைக்கோ யாரோ கட்டிய பாட்டு, பேச்சற்றுப் போனவரைப் பாட வைக்கிறதென்றால் அது லேசுப்பட்ட காரியமா? மறுபடியும் பாடச் சொன்னேன். ரொம்ப அழகாக இருந்தது.

“நீயும் ஊரை நெனச்சு அழுகுறியாம்மா?”

“பாடுறப்ப மட்டும்ப்பா.”

“வந்துரும்மா” என்றேன்.

“என்னைய அனுப்ப வாங்குன கடன் எம்புட்டுப்பா பாக்கி?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஒரு லட்சத்துப் பத்தாயிரம்” என்றேன்.