கால்கட்டு

இது நடந்த கதை. நம்பாதவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். பொய்க்கதை கட்ட கொஞ்சமாவது மூளையைச் செலவழிக்க வேண்டும். கொசுறு எதையும் செலவழிக்கிற ஆள் இல்லை.

கொசுறு என்பது அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர். கால் கிலோ தக்காளி வாங்கிவிட்டு நாலு மிளகாய் கொசுறு கேட்டுக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பவன். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்பார்கள். இவன் குடித்துவிட்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போவான்.

வீட்டில் அவன், அவன் மனைவி, அவன் அப்பா. அப்பாவுக்கு மறதி நோய். கதவு திறந்திருந்தால் நடந்து போய்விடுவார். ஒருமுறை பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்தார்கள், ஒரு காலில் மட்டும் செருப்போடு. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைக்கலாம் என்று மனைவி கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

"ஆளா? தண்டச் செலவு. ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்."

"இந்த வயசுல மாமாவுக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களாக்கும்."

அவள் கல்யாணத்தைச் சொன்னாள். அவன் மனதில் இருந்தது நிஜக் கயிறு.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போனார். போகும்போது கை வைத்த மரநாற்காலி ஒன்றை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். நல்ல கனம். ஆனால் நாலு காலும் ஆட்டம். சும்மா கிடைத்தால் எனக்கொன்று, என் அப்பனுக்கொன்று என்பார்களே, இவன் நிஜமாகவே அப்பனுக்காகத்தான் தூக்கி வந்தான். தச்சர் கேட்ட கூலியைக் கேட்டதும் அவரை வாசலோடு அனுப்பிவிட்டுத் தானே வேலையில் இறங்கினான்.

காலைக் கழற்றினான். மூட்டுக்குள் பழைய பசை. பசைக்குள் தீக்குச்சிகள். யாரோ இடைவெளியை அடைக்கக் குச்சி செருகி ஒட்டியிருக்கிறார்கள். ஒருமுறை அல்ல, அடுக்கடுக்காகப் பலமுறை.

"பாத்தியா, நம்மள மாதிரியே விவரமான ஆளு" என்று மனைவியிடம் பூரித்துப்போனான். இனம் இனத்தோடு சேரும் என்று சும்மாவா சொன்னார்கள்.

முன்கால் இரண்டிலும், தரைக்குச் சற்று மேலே, மரம் வளையமாகத் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. ஏதோ வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டான்.

சுரண்டிச் சுத்தம் செய்து, புதுக் குச்சி வைத்து, பசை தடவிப் பொருத்தினான். காயும்வரை இறுக்கிப் பிடிக்க இடுக்கி வேண்டும். இடுக்கிக்குக் காசு வேண்டும். அதனால் கொடிக்கயிற்றை நாலு காலையும் சுற்றிக் கட்டி, நடுவில் உடைந்த கரண்டிக் காம்பைச் செருகி முறுக்கினான். முறை சரிதான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

காலையில் பார்த்தால் கயிறு அவிழ்ந்து கிடந்தது. அறுந்து போகவில்லை. யாரோ அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, இருக்கையின் மேல் வைத்திருந்தார்கள். கால்கள் பழையபடி லொடலொட.

"நீதானேப்பா அவுத்தே?"

"பாவம்டா. அவருக்குக் கால் வலிக்குதாம்."

"எவருக்கு?"

அப்பா நாற்காலியைப் பார்த்தார்.

மறுபடி ஒட்டினான். மறுபடி கட்டினான். இந்தத் தடவை அறையைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். காலையில் பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே கயிறு... சுருட்டி வைத்திருந்தது.

வேறு யாராவது என்றால் அந்த நாற்காலியை அன்றைக்கே கொளுத்தியிருப்பார்கள். இவன் கயிறு வழுக்குகிறது என்றான். கயிற்றை விட்டுவிட்டு இருக்கையின் மேல் செங்கல்லை அடுக்கி வைத்தான். அன்று ஒன்றும் நடக்கவில்லை. பசை பிடித்து, நாற்காலி ஆடாமல் அசையாமல் நின்றது.

சனிக்கிழமை மத்தியானம். மனைவி தையல் கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். வெளியே நல்ல வெயில். இவனுக்குத் தூக்கம் சொக்கியது. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தான். கொடிக்கயிற்றை எடுத்தான். அவருடைய இரண்டு கணுக்காலையும் முன்கால்களோடு சேர்த்துக் கட்டினான். எழுதவே கை கூசுகிறது. பெற்ற அப்பன்.

கயிறு அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"எழுந்ததும் அவுத்துடறேன். சும்மா இரு."

அப்பா யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

இவன் அடுத்த அறையில் படுத்தான். கண் அசந்தது.

டொக்...

முன்கால் தூக்கித் தரையில் இடிக்கிற சத்தம்.

டொக்... டொக்...

"ஆட்டாதப்பா! இப்பத்தான் ஒட்டினேன்."

நின்றது.

பிறகு வேகமாக. டொக் டொக் டொக் டொக்...

கோபத்தோடு எழுந்து போனான்.

அப்பா ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது.

கயிறு அவிழவில்லை. இவன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு கணுக்கால் அளவு இடம்... கயிறு தொய்யாமல் விறைத்து நின்றது.

உள்ளே கால் இருப்பதுபோல்.

"அப்பா... நீ எப்படி..."

"அவர்தான்டா எழுந்திருக்கச் சொன்னார்." அப்பா திரும்பாமலே சொன்னார். "நீங்க போங்க, எனக்குப் பழக்கம்தான்னார்."

டொக்.

நாற்காலி ஒரு சாண் முன்னால் வந்தது. இவனை நோக்கி.

டொக்.

அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். இரண்டு பேர் காலிலும் செருப்பில்லை. மனைவி வரும்வரை வெயிலில் நின்றார்கள். அன்றைக்கு நடந்ததை அவளிடம் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதானாம். அவள் அவனைத் தேற்றவில்லை. சரியான பெண்.

எதிர்வீட்டில் வேலை செய்த அம்மாவைத் தேடிப்பிடித்து அவள்தான் விசாரித்தாள்.

"அந்தப் பெரியவர் நாற்காலியா? அதை ஏன்மா வீட்டுக்குள்ள கொண்டு வந்தீங்க? தினம் அதுல கட்டிப்போட்டுட்டுத்தான் மகன் வேலைக்குப் போவார். பெரியவர் ஆட்டுவார், அப்படி ஆட்டுவார். கால் கழண்டுக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா மகன் தீக்குச்சி வெச்சு ஒட்டிடுவார். கடைசியில கட்டினபடியேதான் போய்ச் சேந்தார்."

கொசுறே காசு கொடுத்து நாற்காலியை அப்புறப்படுத்தினான். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளும் வைத்துவிட்டான். அலுவலகத்தில் இப்போது காலைத் தொங்கப்போட்டு உட்கார்வதில்லை. மேலாளர் திட்டினாலும் இரண்டு காலையும் இருக்கையின் மேல் மடக்கி வைத்துக்கொண்டுதான் கணக்கு எழுதுகிறான். எனக்கு இரக்கம் வரவில்லை. ஏன்டா இப்படி என்று மட்டும் கேட்டேன். அப்போதுதான் இதையெல்லாம் சொன்னான்.

நாற்காலி போன அன்று அப்பாவிடம் கேட்டானாம், அவர் போய்விட்டாரா என்று. அப்பா இவன் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாராம்.

"எங்கடா போவார்? உனக்கு வயசாகட்டும்னு காத்துட்டிருக்கார்."