சேஸிஸ் நம்பர் மேல் சந்தனம்

மகளைப் பர்கூர் அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ப்பதற்காக, ஓசூர் ஷெட்டில் நானே கட்டிய ஸ்போர்ட்ஸ் காரை விற்க வேண்டியதாயிற்று. பழைய வெளிநாட்டுக் காரைப் பார்த்துச் செய்த நகல் அது. எஞ்சின் மட்டும் நிஜமாகவே பழையது. அதைக் காட்டி, வண்டியே அசல் என்று சொன்னால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்றார் புரோக்கர். வண்டிச் சட்டத்தில் பொறித்த புது சேஸிஸ் நம்பர் நகல் என்று காட்டிக்கொடுத்துவிடும்; அது தெரியாதபடி சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன்.

அசல் வண்டி என்று நான் சொன்னதும், வாங்க வந்த பெங்களூர்க்காரர் நம்பரைப் பார்க்கக் குனிந்தார். சந்தனத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"பூஜை போட்டிருக்கீங்க, அழிக்க வேணாம். நீங்க சொன்னா சரி."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. துண்டால் துடைத்து நம்பரைக் காட்டினேன். "சார், எஞ்சின் மட்டுந்தான் பழசு. மத்ததெல்லாம் நான் செஞ்சது."

"நகல் வண்டில பழைய எஞ்சின் இருந்தா விலை ஏறாதுங்க. ஸ்பேர் பார்ட்ஸுக்குத்தான் அலையணும்" என்று சிரித்தவர், நகலுக்குரிய விலைக்கே எடுத்துக்கொண்டார். முதல் வருடக் கட்டணத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

சாமியை வைத்து நான் ஏமாற்றப் பார்த்தேன். சாமிக்காகவே அவர் என்னை நம்பினார். முருகன் முன்னால் நிற்கும்போது இன்றும் கூசுகிறது.