தீயலுக்குக் கிடைத்த லட்சுமி

எங்கள் வீட்டு நடு அறையில் தொங்கிய லட்சுமி படத்தை வரைந்தது யார் என்பதில் அப்பாவுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. திருவிதாங்கூர் ராஜாக்களுக்குப் படம் எழுதிக் கொடுத்தாரே, அந்தப் பெரிய ஓவியர்தான். பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் ஒரு சாமிப் படமாவது வைத்திருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். அவர் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிற வழியில் தக்கலையில் வண்டிமாடு படுத்துக்கொண்டதாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. உள்ளித் தீயல் குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர், மறுநாள் காலையில் இந்த லட்சுமியை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாராம். ஆதாரம் கேட்டால் அப்பா தீயலைக் காட்டுவார். அது இன்றைக்கும் எங்கள் வீட்டில் நன்றாகவே இருக்கும்.

பெரியப்பா இதை நம்பவில்லை. அவருக்கு மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை. ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பி, இதில் இன்ன தாது இவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறவர். சோதிக்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார், சாம்பாரில் உப்பு இருக்கிறது என்பதைக்கூட. "தீயலுக்கு எவனாவது படம் வரைவானா லே? பாயசம்னாலும் ஒரு ஞாயம் உண்டு" என்பார்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது, ஏதோ ஒரு பழைய படம் கோடிக்கணக்கில் ஏலம் போனதாக டிவியில் சொன்னார்கள். அதோடு பெரியப்பாவின் அவநம்பிக்கை ஆட்டம் கண்டது. அப்போது அப்பாவும் பெரியப்பாவும் வீட்டையும் தோப்பையும் பாகம் பிரித்துக்கொண்டிருந்த நேரம். வடக்குப் பாதி பெரியப்பாவுக்கு, தெற்குப் பாதி அப்பாவுக்கு. அவர்களுடைய தங்கையான என் அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகவே தெற்கு அறையில் ஆயுள் முழுக்க இருந்துகொள்ளலாம் என்று இருவரும் பெருந்தன்மையாக முடிவு செய்திருந்தார்கள். மிச்சம் இருந்தது படம். அச்சுப்படம் என்றால் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அசல் என்றால் விற்று ஆளுக்குப் பாதி.

அத்தையை யாரும் எதுவும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்த லட்சுமியிடம் அவளுக்குத்தான் அதிக உறவு. அத்தை பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். இருபது வயதில் அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை துபாய்க்குப் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். எடுத்து வைத்த கத்தரிப்பூ நிறப் பட்டு பெட்டியில் கிடந்தது. அத்தை ஒருநாள் அதை எடுத்துக் கத்தரித்தாள், படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினாள், லட்சுமிக்குக் கழுத்திலிருந்து கால்வரை பட்டுடுத்தி, ஜரிகை வைத்து, ஜிகினாவும் சம்கியும் தைத்துவிட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் சாமிப் படத்துக்கு இப்படி அலங்காரம் செய்வதுண்டு. ஆனால் எல்லாரும் பசை போட்டு ஒட்டுவார்கள். அத்தை டீச்சர் அல்லவா, தைத்தாள். வலது மூலைத் தாமரைக்கு மட்டும் கொஞ்சம் பசை. பின்பக்கம் நூல் தெரியக்கூடாது என்று கெட்டித் துணியில் லைனிங்கும் கொடுத்துவிட்டாள்.

இந்தக் கதையெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. லட்சுமி பிறக்கும்போதே சம்கியோடு பிறந்தவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் திருவனந்தபுரத்திலிருந்து நிபுணர் ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். தோள்பையில் டார்ச் லைட், பஞ்சு, பூதக்கண்ணாடி. அப்பா முதல் வேலையாக அவருக்கு இலை போட்டுத் தீயலைப் பரிமாறினார். அவர் இரண்டாம் தடவை கேட்டபோது அப்பா பெரியப்பாவைப் பார்த்த பார்வையிலேயே பாதி வழக்கு ஜெயித்துவிட்டது. மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை. அப்பாவே ஊற்றினார்.

நிபுணர் முதலில் லட்சுமியின் முகத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைக்கிற முகம். அதன்மேல் எத்தனையோ வருடத்து விளக்குப் புகை. "கரியாணு, முழுவனும் கரி" என்றார். பின்பக்கம் திருப்பினார். லைனிங். விரலால் தடவிப் பார்த்தார். மூல ஓவியத்துக்கு லைனிங் வைத்துத் தைத்தவர்களை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

"இந்தத் துணிய ஒக்க மாத்தணும். எந்நால் மட்டுமே பறயான் பற்றூ" என்றார். துணியையெல்லாம் எடுத்தால்தான் சொல்ல முடியும் என்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது.

அவ்வளவுதான், அம்மா அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள். "வீட்டுக்கு வெளக்கு வெக்கிய லெச்சுமி. அவளுக்க துணிய ஒரு ஆம்பிளைக்கு முன்னால உருவவா? நான் இருக்கும்போது நடக்காது."

"ஏ, இது படம்லா" என்றார் பெரியப்பா.

"படம்னா நீங்க நாளைக்கு வெளக்கு முன்னால நின்னு கும்பிடாண்டாம்."

பெரியப்பாவுக்கு மணலைப் பற்றித்தான் பதில் தெரியும். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா விட்டத்தைப் பார்த்தார். நிபுணருக்கு நாலு மணிக்குப் பஸ். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பெண்கள் அறைக்குள் போய்த் துணியை எடுக்கட்டும். பூதக்கண்ணாடியை அவர் தருவார். பார்த்துவிட்டு வந்து, கண்டதைச் சொன்னால் போதும்.

அந்தப் பாவத்துக்கு நான் ஆளில்லை என்று அம்மா ஒதுங்கிவிட்டாள். துணியை எடுக்க அத்தை. பார்த்துச் சொல்ல நான். வீட்டில் கண்ணாடி போடாத, பொய் சொல்லத் தெரியாத பெண்பிள்ளை நான் ஒருத்திதான் என்று அப்பா சொன்னார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அது.

நிபுணர் எனக்குப் பயிற்சி கொடுத்தார். சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி, அதிலிருந்த முருகனைப் பூதக்கண்ணாடி வழியாகக் காட்டினார். முருகன் கன்னம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி. அச்சுப்படம் என்றால் புள்ளி இருக்கும். கையால் எழுதியது என்றால் பிரஷ் இழுத்த கோடு இருக்கும். வலது மூலையில் கையெழுத்து இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் மூன்று தடவை ஒப்பித்தேன். பிறகு அப்பாவின் மீசை, பெரியப்பாவின் மரு, ஒரு அப்பளம் எல்லாவற்றையும் பார்த்துக் கைப்பழக்கம் செய்துகொண்டேன்.

படத்தைத் தெற்கு அறையில் அத்தையின் கட்டிலில் கிடத்திவிட்டு ஆண்கள் வெளியேறினார்கள். அத்தை கதவைத் தாழிட்டாள். முதலில் ஒரு புதுத் துவர்த்துத் துண்டை எடுத்து லட்சுமியின் மேல் போர்த்தினாள். குளிக்கப்போகிறவள் மாதிரி லட்சுமி துவர்த்துக்குள் கிடந்தாள். அத்தை அதற்கடியில் கையை விட்டு, கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டினாள். பட்டு மெதுவாக உருவி வந்தது. அதை அவள் மடித்த விதத்தைப் பார்த்து, இதற்கு ஏன் இவ்வளவு கவனம், பழைய துணிதானே என்று நினைத்தேன்.

பிறகு துவர்த்தைச் சாண் சாணாக விலக்கிக் காட்டினாள். நான் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இடுப்பில் புள்ளி. மடிப்பில் புள்ளி. கால்வரைக்கும் புள்ளி. வரிவரியாக, பிசகாமல்.

"அத்தே, புள்ளி!"

அத்தை குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

வலது மூலைத் தாமரை பசையோடு கெட்டியாக ஒட்டியிருந்தது. அத்தை நகத்தால் நெம்பினாள். சட்டென்று பிய்ந்து வந்தது. படத்தில் அந்த இடம் வெள்ளையாகிவிட்டது, அங்கிருந்த வண்ணமெல்லாம் தாமரையின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அத்தை தாமரையைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எதையோ எழுத்துக்கூட்டிப் படிப்பவள் மாதிரி வெகுநேரம் பார்த்தாள். நானும் எட்டிப் பார்க்கப் போனேன். அதற்குள் அதைத் தையல் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள்.

"மக்கா, அவரு உன்கிட்ட என்ன பாக்கச் சொன்னாரு?"

"படத்துல என்ன இருக்குன்னு."

"அப்ப படத்துல கண்டதக் கண்டபடி சொல்லணும் கேட்டியா? ஒண்ணும் கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம். சத்தியமாட்டு சொல்லணும்."

நான் வெளியே வந்தேன். நடு அறையில் மூன்று ஆண்களும் எழுந்து நின்றார்கள். அத்தை கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"புள்ளி" என்றேன்.

அப்பா உட்கார்ந்துவிட்டார். நிபுணர் மட்டும் விடாமல் விசாரித்தார். எல்லாப் புள்ளியும் ஒரே அளவா? ஆமாம். வரிசையாகவா? ஆமாம். ஒரே இடைவெளியா? ஆமாம். மிஷினில் போட்டது போலவா? மிஷினில் போட்டது போலவேதான். என் கண் கண்டதைத்தான் சொன்னேன். மாவட்டத்திலேயே சீரான கைத்தையல் அத்தையுடையது என்று பின்னாளில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவளுடைய ஊசி போன துளைகளைத்தான் நான் ஒவ்வொன்றாக எண்ணாத குறையாகப் பார்த்துவிட்டு வந்து, அச்சகத்தின் கணக்கில் எழுதினேன். ஊசித் துளை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். புள்ளியைத் தேடிப் போனவளுக்குப் புள்ளிதான் தெரிந்தது.

"மூலையில் ஒப்பு?" என்று கையெழுத்தைப் பற்றிக் கேட்டார் நிபுணர்.

"ஒண்ணும் இல்ல. வெறும் வெள்ளை."

நிபுணர் கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கிப் பையில் போட்டார். "பிரிண்டாணு" என்றார். தீயலைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனார்.

"நான் அப்பமே சொன்னேம்லா" என்று பெரியப்பா ஆரம்பித்து, ராத்திரிவரை அதையே சொன்னார். அப்பா ஒரு வாரத்துக்குத் தீயலைத் தொடவில்லை. நான் அவர் கண்ணில் படாமல் நடமாடினேன்.

அடுத்த வாரம் பத்திரம் எழுதுகிறவர் வந்தார். வடக்கு, தெற்கு, தோப்பு, கிணறு எல்லாம் ஆயிற்று. அப்போது அத்தை வாய்திறந்தாள். "அண்ணே, அந்தப் படத்த நான் எடுத்துக்கிடட்டா?"

"எடுத்துக்கயேன். யாரு வேண்டாம்னு சொன்னா?" என்றார் பெரியப்பா. அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப எழுத்துல ஒரு வரி சேத்துருங்க. பெறவு பிள்ளைகளுக்குள்ள சண்ட வரப்பிடாது பாருங்க."

ஒரு காலண்டர் படத்துக்குப் பத்திரத்தில் இடமா என்று பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். 'பழைய லட்சுமி படம் ஒன்று, அச்சு' என்று எழுதினார்கள். அண்ணன்மார் இருவரும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருவருக்கு வடக்கு வீடு, ஒருவருக்குத் தெற்கு வீடு, ஆளுக்குப் பாதித் தோப்பு. அத்தைக்கு ஒன்றுக்கும் ஆகாத ஒரு படம். அதுவும் என் வாயால் ஒன்றுக்கும் ஆகாமல் போனது. கோடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தையும் அதில் ஒரு பங்கு கேட்டிருக்கலாமே என்று நினைத்து நினைத்து அன்று சாயங்காலம் எனக்கு அழுகை வந்துவிட்டது.

தெற்கு அறைக்குப் போனேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்து லட்சுமிக்குத் திரும்பவும் பட்டுடுத்திக்கொண்டிருந்தாள். நான் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "என்னாலதான் அத்தே எல்லாரும் உன்ன ஏமாத்திட்டாவ" என்று விம்மினேன்.

அத்தை ஊசியைப் பட்டில் குத்தி வைத்தாள். என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். நிறுத்தப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், மறுபடியும் சிரிப்பாள். அத்தை அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் பறிகொடுத்த துக்கத்தில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, பயந்துபோய், அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.