உள்ளே தடவிய எண்ணெய்

திருவட்டாறு பக்கத்தில் சக்கை வற்றல் போட்டு விற்கிறவர்களில் சத்தியபாய் அக்காவை வாயால் ஜெயித்தவர் யாரும் கிடையாது. பலாப்பழத்தைத்தான் எங்கள் ஊரில் சக்கை என்போம். கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவாமல் அதை வெட்ட உட்கார்ந்தால் பிசின் பிடித்துக்கொண்டு அன்றைய பொழுதே போச்சு. அதனால் அக்காவுக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் எண்ணெய்தான் பதில். கதவு கத்தினாலும் எண்ணெய், பேரனுக்குக் கணக்கு வராவிட்டாலும் உச்சந்தலையில் எண்ணெய்.

போன சித்திரையில் அக்காவின் மார்பில் கட்டி வந்தது. பரிசோதித்ததில் புற்றுநோய். அக்காவையும் அவள் கணவர் ஜான்ரோஸ் அண்ணனையும் என் ஆட்டோவில்தான் நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் லிஜா பொறுமையாகச் சொன்னார். “கட்டி இப்ப ஒரே இடத்துலதான் இருக்கும்மா. ஆனா அதுல உள்ள செல்லு சும்மா கிடக்காது. நம்ம சதைக்குள்ள புரத நூலால பின்னின வலை மாதிரி ஒண்ணு உண்டு. செல்லுக்கு மேல கை மாதிரி இருக்கும். அந்தக் கையால நூலப் பிடிச்சு, தன் உடம்ப முன்னால இழுத்து, பின்னால உள்ள பிடிய விட்டுட்டு அடுத்த நூலப் பிடிக்கும். அப்படியே ரத்தத்துல ஏறி வேற இடத்துல போய் ஒட்டிக்கிடும். அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிரணும்.”

கடைசி வாக்கியம் அக்காவின் காதில் ஏறவே இல்லை. ஆட்டோவில் உட்கார்ந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“கேட்டியா வினோஜே, எல்லாம் பிடியிலதான் இருக்கு. உள்ள எண்ணெய விட்டா அது வழுக்கிட்டுப் போயிரும்லா? என்னத்துக்கு ஆபரேஷன்?”

எனக்கு வந்த கோபத்தில் வண்டியை ஓடைக்குள் விட்டிருப்பேன்.

மறுநாள் முதல் காலையில் ஒரு தம்ளர் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தாள். கட்டியின் மேல் ஒரு கை எண்ணெய், தலையில் இரண்டு கை. வயிறு கலங்கிக் கழிவறைக்கு ஓடுவாள். ஓடும் வழியெல்லாம் எண்ணெய். அண்ணன் அதில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆறுதலாக அக்காவின் கையைப் பிடிக்கப் போனால் அதுவும் வழுக்கியது. “பாத்தியளா? உங்களுக்கே பிடி கிடைக்கல, பின்ன அதுக்கு எப்படிக் கிடைக்கும்?” என்றாள் பெருமையாக.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர், “கர்த்தரை இறுகப் பற்றிக்கொள்ளுங்கள்” என்றார். அக்கா எழுந்து நின்று, “ஐயா, எனக்கு சுகமாகுறது வரைக்கும் வேற ஏதாவது வசனம் பறையப்படாதா?” என்று கேட்டாள். சபையே சிரித்தது. அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். நாள் போகப் போக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நான் டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்து அக்காவிடம் கொடுத்தேன். “நீங்க குடிக்கிற எண்ணெ அங்க போய்ச் சேராதும்மா. அந்தப் பிடிய விடுவிக்க மருந்து தேடி எத்தனையோ பேரு பாத்தாச்சு, லேசுல நடக்கல. நல்ல செல்லுக்கும் அதே மாதிரி கை உண்டு. அது பிடிக்காட்டா புண்ணே ஆறாது” என்றார் டாக்டர்.

போனை வைத்ததும் அக்கா கேட்டாள். “இவளுக்கு சக்க வெட்டத் தெரியுமால?”

அடுத்த வாரம் ஒரு பெரிய சக்கையைப் பிளந்துகொண்டிருந்தபோது அக்காவின் சடை முன்னால் சரிந்து பிசினில் விழுந்தது. எண்ணெய் சொட்டச் சொட்டத் தொங்கிய சடைதான். ஆனாலும் பிசின் பிடித்துக்கொண்டது. எண்ணெய் விட்டு இழுத்தாள்; பிசின் இன்னும் மேலே ஏறியது. பொறுமை போய்க் கத்தரிக்கோலை எடுத்துப் பாதிச் சடையைக் கச்சென்று வெட்டி எறிந்தாள்.

என்னோடு வாசலில் நின்ற அண்ணன் அதைக் குனிந்து எடுத்தார். 

“தலையில இவ்வளவு எண்ணெ கிடந்தும் பிடிச்சிட்டே, சத்தியபாய். மேல ஏறுதுன்னு தெரிஞ்சதும் நீயே வெட்டிட்டியே. அந்தக் கட்டிய வெட்ட மட்டும் என்னத்துக்குட்டி காத்துக் கிடக்க?”

அக்கா சடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.  அவள் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்; எனக்கே பயமாகிவிட்டது.

“பயமா இருக்கு” என்றாள் கடைசியில். பிறகு என் பக்கம் திரும்பி, “வண்டிய எடு மக்கா” என்றாள்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டி வேறெங்கும் போயிருக்கவில்லை. தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, “அருமையா ஒட்டியிருக்கு” என்றார்.

அக்கா பதறிப்போனாள். “எது டாக்டரே?”

“உங்க தோலுதான். நல்ல செல்லெல்லாம் பிடிச்சிட்டு.”

அக்கா பக்கத்தில் நின்ற அண்ணனின் கையை எட்டிப் பிடித்தாள். இந்தத் தடவை அது வழுக்கவில்லை.