மைக்கில் கோளாறு இல்லை

மலரின் நாக்கு குழறத் தொடங்கியதை முதலில் கேட்டவள் நான்தான். ஆனால் பழியை மைக்கின் மேல் போட்டேன்.

நாங்கள் இருவரும் ஒரு பாட்காஸ்ட் நடத்தினோம். டெல்லி சரோஜினி நகரில் அவள் வீட்டுக் கட்டிலில், தெருச் சத்தம் நுழையாதபடி கனத்த பஞ்சுப் போர்வையான ரஜாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, நடுவில் மைக்கை வைத்துப் பேசுவோம். மே மாதத்திலும் ஃபேனை நிறுத்திவிட்டு அதே ரஜாய்தான். அவள் கோயம்புத்தூர்க்காரி, பள்ளி ஆசிரியை. நான் திருநெல்வேலி, அரசு அலுவலக வேலை. மாமியார், மாதவிடாய் நிற்பது, எங்களிடம் ஹிந்தியில் சண்டை போடும் பிள்ளைகள் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. நேரில் சொல்லக் கூசியதையெல்லாம் அந்தப் புழுக்கத்தில் சொல்லிவிடுவோம்.

எடிட்டிங் என் பொறுப்பு. ஹெட்போனில் அவளுடைய ‘ச’வும் ‘ர’வும் கொழகொழவென்று கேட்டன.

“ஏட்டி, மைக்கு போயிட்டு. புதுசு வாங்கிரணும்” என்றேன்.

வாங்கினோம். புது மைக்கிலும் அப்படியே இருந்தது. என் குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது நாக்கு குழறினால், சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினால், அசதி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நாங்கள் பல் டாக்டரிடம் போய்க் காலத்தைக் கழித்தோம்.

தசைகளில் மெல்லிய ஊசி செருகிச் செய்யும் பரிசோதனைக்குப் பிறகு பெயர் தெரிந்தது: மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவது). குணமாக்க மருந்தில்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று டாக்டர் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். மலரின் கணவர் ரிப்போர்ட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

“பேச்சு எப்ப நின்னு போகும்னு கேளு புள்ள.”

உயிரைப் பற்றி அவள் கேட்கவில்லை. பேச்சைப் பற்றி மட்டும் நான் கேட்டேன். சில மாதங்கள் என்றார்.

அவர் சொன்னதைவிடச் சீக்கிரமே பேச்சு நின்றது. அதன்பின் அவள் போனில் தட்டித் தருவாள், நான் மைக்கில் வாசிப்பேன். இரண்டு பேருடைய பேச்சும் என் குரலிலேயே ஓடியது. சகிக்கவில்லை. ஆனாலும் விட மனமில்லை, அவளுக்கும்தான்.

ஒருநாள் ரெக்கார்டிங்கில் என் அதிகாரியைப் போலப் பேசிக் காட்டினேன். மலர் சிரித்தாள். எத்தனையோ நாள் கழித்து அந்தச் சிரிப்பு! எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் நடித்துக் காட்டினேன். அவள் கண்ணில் நீர் வழிய, கட்டில் அதிரச் சிரித்தாள். சிரித்தபடியே போனில் தட்டி என்னிடம் நீட்டினாள்.

‘இது சிரிப்பு இல்ல புள்ள. நிறுத்த முடியல. பயமா இருக்கு.’

நோயின் ஒரு முகம் அது (மனதில் ஒன்றுமில்லாமலே அழுகையோ சிரிப்போ அடக்க முடியாமல் பீறிடுவது). டாக்டர் பிறகு விளக்கினார். மைக்கை அணைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு என் தோளில் சிரித்துக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து அவள் சிரித்தால் உடனே கேட்பேன்: “நெசமாட்டி?” நிஜமென்றால் என் விரலை அழுத்துவாள். அழுத்தினால் நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சில சிரிப்புகளை நான் யாருக்கும் ஒலிபரப்பவில்லை.

அவள் உயிரோடிருந்த கடைசி வாரத்தில் ஒரு மதியம் சிரித்தாள். கேட்டேன். கை அசையவில்லை. நிஜச் சிரிப்பு இல்லையா, விரலில் வலுவில்லையா, தெரியவில்லை. அவள் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சேர்ந்து சிரிப்பதா தேற்றுவதா என்று புரியாமல், அந்தக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அலுவலகத்தில் யாராவது வேடிக்கையாகப் பேசினால், சிரிப்பு என் தொண்டைவரை வந்து நின்றுவிடுகிறது. இது என்னுடையதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பார்த்து முடிப்பதற்குள் மற்றவர்கள் சிரித்து ஓய்ந்துவிடுகிறார்கள்.